வெள்ளைக் குதிரையில் என் தம்பி

என் தம்பி ஆனந்தராஜா ஒரு ரஷ்ய ஜெனரலாகப் பிறந்திருக்கவேண்டியவன் என்பது அவனுக்கு ஐம்பத்தேழு வயதாகும்வரை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதுவரை அவனை டென்மார்க்கில் ஒடென்சேக்கு வெளியே ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துகிறவன் என்றும், காட்ஸ் விளையாட்டில் தோற்றால் சாப்பிடாமல் எழும்பிப் போகிறவன் என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையைக் கண்டுபிடித்தவன் ஜதுர்சன்.

ஜதுர்சன் எங்கள் சனத்தின் வீடியோக்காரன். முப்பத்தைந்து வயதாகியும் தான் கல்யாணம் கட்டாமல் மற்றவர்களின் கல்யாணத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரிகிறான். இப்போது எங்கள் ஆட்களிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. காலையில் தாலி கட்டி, பின்னேரம் மண்டபத்தில் வரவேற்பு வைத்தால், பெண்ணைப் பெற்றவர்களும் மாப்பிள்ளையைப் பெற்றவர்களும் சும்மா நடந்து வரக்கூடாது. முதலில் விளக்கை அணைக்கவேண்டும். திரையில் ஒரு படம் ஓடவேண்டும். அதில் வருகிறவர் கதாநாயகனாக இருக்கவேண்டும். படம் முடிகிற கையோடு கதவு திறந்து, புகை அடித்து, ஆள் உள்ளே வரவேண்டும். ஸ்கீவ என்ற ஊரில் ஒரு தகப்பன் மயிலில் பறந்து வந்தார். டோஸ்ட்ருப்பில் ஒரு சாமத்தியவீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள், பூ திறக்கவில்லை. உள்ளேயிருந்து பிள்ளை டேனிஷில் திட்டியது மைக்கில் கேட்டது.

தம்பியின் மகள், எங்கள் துஷாராவின் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று பேச ஜதுர்சன் தம்பி வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அக்கா நான் இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் முடிவாகக்கூடாது என்பது என்னுடைய கொள்கை.

"என்ன மாதிரி என்ட்ரி வேணும் அங்கிள்?" என்று ஜதுர்சன் கேட்டான்.

"குதிரை" என்றான் தம்பி.

"என்ன குதிரை?"

"வெள்ளை. பின்னால ஒரு பெரிய படை வரவேணும். சனம் தொப்பியைத் தூக்கி எறிஞ்சு கும்பிடவேணும்."

தம்பியின் மனைவி, என் மச்சாள் தங்கராணி குசினிக்குள் இருந்து, "உவருக்கு விசர்" என்று தெளிவாகச் சொன்னாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஜதுர்சன் லாப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு என் தம்பியின் முகத்தை ஒவ்வொரு ராசாவின் உடம்பிலும் ஒட்டிப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. உலகத்திலுள்ள ராசாக்கள் எல்லாரும் ஆறடி உயரம், அகன்ற நெஞ்சு. என் தம்பியோ மெலிந்த கட்டை மனிதன். வாட்டசாட்டமான உடம்பின்மேல் அவனுடைய சின்ன முகம் ஆனைக்கு அணில் தலை வைத்த மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் எரிந்து போயிருப்பார்கள்.

கடைசியாக ஜதுர்சன் எங்கேயோ தேடி ஒரு பழைய சோவியத் படத்தைப் பிடித்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பேர்போன ரஷ்ய ஜெனரலின் கதை. படம் ஓடத் தொடங்கியதும் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக "ஐயோ" என்றோம். அந்த ஜெனரல் அச்சொட்டாக என் தம்பியைப் போலவே இருந்தார். மெலிந்த உடம்பு, கட்டை, துள்ளித் துள்ளி நடை. இரண்டு மடங்கு உயரமான ஆட்களைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து அதட்டுகிறார், அவர்கள் நடுங்குகிறார்கள். வெள்ளைக் குதிரையும் இருந்தது. பின்னால் கண்ணுக்கு எட்டின தூரம்வரை படை. பிடிபட்ட பட்டணத்தின் வாசலால் அவர் உள்ளே போக, சிப்பாய்கள் தொப்பிகளை ஆகாயத்துக்கு எறிந்தார்கள்.

ஜதுர்சன் முகத்தை ஒட்டினான். கறுப்பு வெள்ளையில் ஒட்டினது தெரியவேயில்லை. அந்த ஜெனரலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மீசை முளைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்த ஆள் ஒரு சண்டையும் தோக்கேல்லையாம் அங்கிள்" என்று ஜதுர்சன் போனைப் பார்த்து வாசித்தான். "ஒண்டு கூட."

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். துஷாரா கட்டப்போவது நிக்கலஸ் என்ற பிள்ளையை. இங்கேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். தாய் தகப்பன் போலந்துக்காரர். துஷாரா அவனைப் பற்றிச் சொன்ன நாள் தொடக்கம் தம்பி ஒரு வருடம் முழுக்க எதிர்த்தான். கத்தினான், கதைக்காமல் இருந்தான், கோயிலுக்கு நேர்த்தி வைத்தான். துஷாரா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பிடிவாதமான நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை, அசையவும் இல்லை. கடைசியில் தம்பி "சரி" என்றான். எங்கள் ஆட்களுக்குள் அது உடனே பரவியது. "ஆனந்தராஜா பிள்ளையைக் கோட்டை விட்டிட்டான்" என்று டோஸ்ட்ருப்பில் யாரோ சொன்னதை, தம்பியின் காதில் விழவேண்டும் என்றே இன்னொருவர் மெனக்கெட்டுக் கொண்டுவந்து சொன்னார். காட்ஸில் தோற்றாலே தாங்காதவன் இதை எப்படித் தாங்குவான்? அந்த மண்டபத்துக்குள் தோற்றுப்போனவனாக நுழையக்கூடாது என்று அவன் நினைத்தான். அதற்கு அவனுக்கு அந்தக் குதிரை தேவைப்பட்டது. அவனைப் பகிடி பண்ணிக்கொண்டே நான் அவனுக்காகப் பாவப்பட்டேன்.

அதற்குப் பிறகு தம்பி அந்தப் படத்தை வேலை முடிந்து வந்து தினமும் பார்த்தான். ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. கீழே எழுத்தும் ஓடாது. அதனால் ஒன்றும் குறையவில்லை. கதையை அவனே சொல்லிக்கொண்டு பார்ப்பான். ஜெனரல் வைக்கோலில் படுத்தால், "பாத்தியா, மெத்தை வேண்டாம் எண்டிட்டார்" என்பான். சிப்பாய்களின் சட்டியில் கஞ்சி எடுத்துக் குடித்தால், "எளிமையான மனுசன்" என்பான். அடுத்த நாள் காலையில் தானும் ஓட்ஸ் கஞ்சி கேட்டான். தங்கராணி வைத்துக் கொடுத்தாள். இரண்டு கரண்டியோடு இடியப்பத்துக்குத் திரும்பிவிட்டான்.

ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது கேட்டேன். "ஆரோடையடா இந்தாள் அடிபடுறார்?"

"ஆரோ கூடாத ஆக்கள்" என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளையின் தகப்பனை எனக்குப் பிடிக்கும். யூசெப் என்று பெயர். முந்திக் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராக இருந்தவர். கதவு நிறைய நிற்பார். கை ஒவ்வொன்றும் சுளகு அகலம். தாய் ஸ்ரெபானி சிரித்த முகம். இரண்டு குடும்பமும் முதன்முதல் சந்தித்த அன்றைக்குப் பெண்கள் நாங்கள் ஒருவருடைய சமையலை ஒருவர் ருசி பார்த்து, பிள்ளைகளின் படங்களைக் காட்டி, அரைகுறை டேனிஷில் சிரித்துப் பேசினோம். ஆண்கள் இரண்டு பேரும் சோபாவின் இரண்டு முனையில் இருந்தார்கள். தம்பி "கோப்பி?" என்றான். யூசெப் "யா" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து யூசெப் "மழை" என்றார். தம்பி "யா" என்றான். அவ்வளவுதான் அன்றைய பேச்சுவார்த்தை. இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்காமலே போய்ச் சேரப்போகிறார்கள் என்பதுதான் துஷாராவின் பெரிய கவலை. "மாமி, நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கு ரெண்டு பக்கமும் ஊமைத் தாத்தா" என்று சொல்லுவாள்.

கல்யாணம் சனிக்கிழமை. அதற்கு முன் புதன்கிழமை நான் வேலை முடிந்து டிராமில் வந்து இறங்க, என் வீட்டு வாசலில் துஷாராவும் நிக்கலஸும் சைக்கிளோடு நின்றார்கள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். ஒரு முகத்தைப் பார்த்தால் வலி எங்கே என்று தெரியும். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டேன்.

"மாமி, இதைப் பாருங்கோ" என்று துஷாரா போனை நீட்டினாள். ஜதுர்சன் அனுப்பிய வீடியோ. என் தம்பி மீசையோடு வெள்ளைக் குதிரையில் பட்டணத்துக்குள் போய்க்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே இருக்கு. உன்ர கொப்பர் கொஞ்சம் கறுப்பாத் தெரியிறார். அவ்வளவுதான்."

துஷாரா நிக்கலஸைப் பார்த்தாள். நிக்கலஸ் மெதுவாக டேனிஷில் சொல்லத் தொடங்கினான். அந்த ஜெனரலை ரஷ்யாவில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்களாம். சிலை, தெரு, பதக்கம் எல்லாம் அவர் பெயரில் இருக்கிறதாம். ஆனால் போலந்தில் அந்தப் பெயரைச் சொன்னால் காறித் துப்புவார்களாம். இருநூறு வருடங்களுக்கும் முன்னர் அவருடைய படை வார்சாவின் ஆற்றங்கரை ஊருக்குள் புகுந்து, பெண், பிள்ளை என்று பார்க்காமல் வெட்டித் தள்ளியதாம். இந்தப் படத்தில் அவர் நுழைகிற பட்டணம் போலந்துக்காரரின் பட்டணம்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். தம்பி சொன்ன அந்த "கூடாத ஆக்கள்" என் வீட்டுக் கதிரையில் இருந்து என் கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்ர அப்பா என்ன செய்வார்?" என்று நிக்கலஸிடம் கேட்டேன்.

"சத்தம் போடமாட்டார். எழும்பிப் போய்விடுவார்" என்றான் நிக்கலஸ். ஒருமுறை கிறிஸ்மஸ் விருந்தில் ஒரு சொந்தக்காரர் அந்த ஜெனரலின் பெயரை வைத்துப் பகிடி விட்டாராம். யூசெப் பேசாமல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனவர்தானாம். இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதித்ததில்லையாம்.

துஷாராவின் கண்ணில் நீர் முட்டி நின்றது. ஒரு வருடமாகத் தகப்பனோடு மல்லுக்கட்டியபோதும் அழாதவள். "அவர் எழும்பிப் போனா, அப்பா அதை மன்னிக்கமாட்டார். அப்பா மன்னிக்காட்டி அவரும் திரும்பி வரமாட்டார். என்ர கல்யாணத்தோட ரெண்டு குடும்பமும் முடிஞ்சுது மாமி."

"எழும்பு" என்றேன். "கொப்பரிட்டப் போவம்."

நாங்கள் மூன்று பேரும் போனபோது தம்பி சோபாவில் இருந்து, அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நேரே போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு நிக்கலஸின் முகத்தைப் பார்த்து நம்பினான். நம்பியதும் கோபம் வந்தது.

"இருநூறு வருசத்துக்கு முந்தி நடந்ததுக்கு நான் என்ன செய்ய? நானே போய் வெட்டினனான்?"

"உன்ர முகந்தானேடா அதில இருக்கு!"

"முகம்தான் என்ரை. ஆள் நான் இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? இனி எங்க போய் இன்னொரு குதிரை பிடிக்கிறது? வெறுங்கையோட உள்ள போகச் சொல்லுறியோ?"

"போனா என்ன?"

"எல்லாரும் வருவினம் அக்கா. டோஸ்ட்ருப் ஆக்கள், ஸ்கீவ ஆக்கள், ஒருத்தரும் மிச்சமில்லை. அவ்வளவு பேரும் என்ர முகத்தைத்தான் பாப்பினம். தோத்தவன் எப்பிடி வாறான் எண்டு பாப்பினம்."

நான் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "தம்பி, எங்கட ஊருக்குள்ளயும் ஒரு நாள் ஆமி வந்தது. உனக்கு நினைவிருக்கோ? நினைவிருக்கும். அந்த ஆமியைக் கூட்டிக்கொண்டு வந்த ஆளின்ர வேசத்தில நாளைக்கு யூசெப் வந்து உனக்கு முன்னால நிண்டால் நீ கை தட்டுவியோ?"

தொலைக்காட்சியில் ஜெனரல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். தங்கராணி வந்து அதை நிற்பாட்டினாள்.

அப்போதுதான் துஷாரா பேசினாள். அவள் தகப்பனுக்கு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள்; அவன் தமிழில் கேட்பான், அவள் டேனிஷில் சொல்லுவாள், அப்படியே பழகிவிட்டது. அன்றைக்குத் தமிழில் சொன்னாள். சொல் சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"அப்பா, நான் என்ன கோட்டையோ? ஒராள் வந்து பிடிக்கிறதுக்கும், நீங்கள் தோக்கிறதுக்கும்? நான் உங்கட பிள்ளை. எனக்கு ஒருத்தனைப் பிடிச்சுது. அவ்வளவுதான். இதில சண்டை எங்க கிடக்கு?"

தம்பி எழும்பினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தோம். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கதவு சாத்திய சத்தத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜதுர்சன் வீட்டுக்குப் போனதாகத் தங்கராணி போனில் சொன்னாள். வீடியோவை நிற்பாட்டியாகிவிட்டதா என்று நான் கேட்டேன். "எனக்கு ஒண்டும் சொல்லுறாரில்லை மச்சாள். வரேக்க சிரிச்சுக்கொண்டு வந்தார்" என்றாள். ஜதுர்சனுக்கு எடுத்தேன். அவன் போனை எடுக்கவில்லை. என் போனை எடுக்காதவர்களை நான் வாழ்க்கையில் மறப்பதில்லை.

சனிக்கிழமை காலை தாலி கட்டு நன்றாக நடந்தது. நிக்கலஸ் பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மூன்று முடிச்சும் போட்டான். யூசெப் கறுப்புக் கோட்சூட்டில் முன்வரிசையில் விறைத்துப்போய் இருந்தார். ஐயர் அட்சதை கொடுத்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் எறியச் சொல்லிக் கையைக் காட்டினேன். மனிதன் வெல்டர் அல்லவா, பலமாக எறிந்துவிட்டார். ஐயரின் கண்ணாடியில் பட்டது.

பின்னேரம் வரவேற்பு. மண்டபம் நிறைந்து வழிந்தது. ஒரு பக்கம் எங்கள் சேலைகள், மற்றப் பக்கம் போலந்துக்காரரின் மேசைகள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் முதலில் வந்து இருந்துவிட்டார்கள். தங்களுக்குப் படமெல்லாம் வேண்டாம் என்று யூசெப் சொல்லிவிட்டார். அடுத்தது பெண்ணின் தாய் தகப்பன். விளக்கு அணைந்தது.

திரையில் வெள்ளைக் குதிரை வந்தது. அதன்மேல் என் தம்பி, மீசையோடு.

எங்கள் பக்கம் விசில் பறந்தது. "ஆனந்தராஜாவடா!" என்று யாரோ கத்தினார்கள். நான் மணமேடையைப் பார்த்தேன். துஷாரா கூறைச்சேலையில் சிலைபோல நின்றாள். நிக்கலஸ் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஜெனரல் பட்டணத்து வாசலால் உள்ளே போனார். பீரங்கி வெடித்தது. சிப்பாய்கள் தொப்பி எறிந்தார்கள். சுவரடியில் ஆட்கள் விழுந்தார்கள். போலந்து மேசைகள் அமைதியாகிவிட்டன. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. யூசெப் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். கதிரையின் முதுகில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். என் தம்பியை என் கையாலேயே கொல்லவேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு சொல்லியும், அந்தப் பிள்ளை தமிழில் கெஞ்சியும், கேளாமல் செய்துவிட்டானே என்று என் நெஞ்சு கொதித்தது.

அப்போது திரையில் குதிரை நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பின்னுக்கு நடக்கத் தொடங்கியது.

வாலை முன்னுக்கு விட்டுக்கொண்டு, கால்களைப் பின்னுக்கு எடுத்து வைத்து, வெள்ளைக் குதிரை வந்த வழியே போனது. ஆகாயத்திலிருந்து தொப்பிகள் இறங்கிவந்து சிப்பாய்களின் கைக்குள் புகுந்தன. புகை சுருண்டு பீரங்கிக்குள் போனது. எங்கள் பக்கம் முதலில் குழம்பினார்கள், பிறகு ஒரு குழந்தை சிரித்தது, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுவரடியில் விழுந்து கிடந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். எழும்பி நின்று, சுவருக்குப் பின்னால் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். அப்போது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. என் தம்பியின் முகத்தோடு அந்த ஜெனரல் வாசலால் வெளியேறி, படையையும் கூட்டிக்கொண்டு, பின்னுக்குப் பின்னுக்குப் போய், தூரத்தில் ஒரு புள்ளியானார். பட்டணத்தின் கதவு மூடிக்கொண்டது.

விளக்கு எரிந்தது. யூசெப் ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மண்டபக் கதவால் தம்பியும் தங்கராணியும் வந்தார்கள். புகை இல்லை, மேளம் இல்லை. வேட்டி சால்வையோடு, செருப்பில்லாத காலோடு நடந்து வந்தான். அவனுடைய கையில் மைக் இருந்தது. நேரே மேடைக்குப் போகாமல் யூசெப்புக்கு முன்னால் போய் நின்றான். அவருடைய நெஞ்சளவுக்குத்தான் வந்தான். கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, தனக்குத் தெரிந்த டேனிஷில், தொழிற்சாலை டேனிஷில், உரத்துச் சொன்னான்.

"ஜெனரல் திரும்பிப் போயிட்டார். சண்டை அவ்லுஸ்ட்."

அவ்லுஸ்ட் என்பது இந்த நாட்டில் ரயில் ஓடாத நாளில் ஸ்டேஷன் பலகையில் விழுகிற சொல். ரயில் ரத்து என்று அர்த்தம். அந்தப் பலகையைப் பார்த்துக் குளிரில் நின்று சபிக்காதவர் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. போலந்து மேசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நான் மட்டும் யூசெப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூசெப் சிரிக்கவில்லை. ஜாக்கெட்டைத் திரும்பக் கதிரையில் போட்டார். மனைவியிடம் ஏதோ சொன்னார். ஸ்ரெபானி ஓடிப்போய் ஒரு பெரிய வட்டப் பாண் ரொட்டியைப் பூத்தையல் துணியில் வைத்துக் கொண்டுவந்தாள். பாணின் நடுவே ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு. கல்யாணம் முடித்து வருகிற சோடிக்குப் பாணும் உப்பும் கொடுத்து வரவேற்பது அவர்களுடைய வழக்கம் என்று நிக்கலஸ் எங்களுக்கு முந்தியே சொல்லியிருந்தான். யூசெப் அந்தச் சுளகுக் கையால் பாணைப் பிய்த்தார். உப்பில் தொட்டார். சோடியிடம் கொடுக்காமல் என் தம்பியின் வாயில் வைத்தார்.

"எங்கட ஆக்களும் எனக்குச் சொன்னவை" என்றார் யூசெப். அவருடைய டேனிஷும் தம்பியுடையதைப் போலத்தான். அதனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "யூசெப், உன்ர பெடியனைக் கோயிலுக்குத் தோத்திட்டாய் எண்டு சொன்னவை."

தம்பி வாய் நிறையப் பாணோடு அவரைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியாது; ஜதுர்சனின் வீடியோவில் என் முகம் பார்க்கச் சகிக்காது, அதை வெட்டச் சொல்லியிருக்கிறேன். துஷாரா மேடையிலிருந்து கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அது எங்களுக்குத் தரவேண்டிய பாண்!" என்று தமிழில் கத்தினாள். கத்திக்கொண்டே இரண்டு தகப்பன்மாரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

பிறகு ஜதுர்சனைப் பிடித்து, போன் எடுக்காததற்கு நல்ல பேச்சுக் கொடுத்துவிட்டு, நடந்ததைக் கேட்டேன். தம்பி வியாழக்கிழமை அவன் வீட்டுக்கு வந்து "எல்லாத்தையும் அழி" என்றுதான் சொன்னானாம். அழிப்பதற்குமுன் ஜதுர்சன் படத்தைத் தொடக்கத்துக்கு இழுத்திருக்கிறான். குதிரை பின்னுக்கு ஓடியிருக்கிறது. தம்பி "நில்லு" என்றானாம். திரும்பவும் இழுக்கச் சொன்னானாம். விழுந்தவர்கள் எழும்புகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தானாம். "இந்த மனுசன் இதுக்குத்தான் அவ்வளவு தூரம் வந்தவர்" என்று சொன்னானாம். துஷாராவுக்கோ தங்கராணிக்கோ எனக்கோ மூச்சுவிடக்கூடாது என்று சத்தியமும் வாங்கினானாம். எனக்குச் சொன்னால் ஒடென்சே முழுக்கத் தெரிந்துவிடும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறான்.

சாப்பாட்டு நேரம் நான் போலந்து மேசைக்குப் போனேன். யூசெப் பக்கத்தில் தம்பியை இருத்தி வைத்திருந்தார். இரண்டு பேருடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் எங்கள் ஆட்டிறைச்சிக் கறியும் அவர்களுடைய பாணும் கிடந்தன. டோஸ்ட்ருப் ஆட்கள் தங்கள் மேசையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நான் குனிந்து அவனுடைய காதுக்குள் கேட்டேன்.

"என்னடா ஜெனரல், தோத்துப்போனியோ?"

"சும்மா இரக்கா" என்றான். "சாப்பிட விடு."

யூசெப் நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று தம்பியிடம் கேட்டார். தம்பி கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, காட்ஸ் விளையாட்டில் இருந்து தொடங்கி விளக்கப் போனான். கறி ஆறிப்போகும்வரைக்கும் அந்த விளக்கம் முடியவில்லை.